தாண்டும்வரை மஞ்சள்

காரைவலசு காவல் நிலையத்தின் பின்புறத்தில் நின்றிருந்த வெள்ளைக் காரைப் பூங்கோதை மூன்றாவது முறையாக ஓட்டி, பிரேக்கை மிதித்தாள். கார் அதே இடத்தில் ஆணியடித்தாற்போல் நின்றது. இறங்கி, டயருக்கடியில் விழுந்த தடத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த பெயர். ஊராருக்கு அவள் பிரேக் இன்ஸ்பெக்டர். எங்கே விபத்து நடந்தாலும் வண்டியைச் சோதித்து அறிக்கை கொடுப்பாள். பதினாறு வருடமாக அதுதான் வேலை.

காரை ஓட்டி வந்த ரெஜினா, நிலையத்தின் வராந்தாவில் பெண் காவலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தாறு. நொய்யல்புரத்தில் பதினோரு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறாள். ஒரு அபராத ரசீதுகூட இல்லை. முந்தைய நாள் காலை பத்து மணிக்கு, காரைவலசு நால்ரோட்டில் ஸ்கூட்டரில் வந்த கனகசபை என்ற கல்லூரிப் பேராசிரியர் மீது அவளுடைய கார் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

பூங்கோதை அவளெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பிரேக் பிடிச்சுதாம்மா?"

"நான் பிரேக்கே போடலீங்க மேடம்."

பூங்கோதையின் பேனா நின்றது. இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: மிதிச்சேன், பிடிக்கலைங்க. போடவில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஏன் போடல?"

"மஞ்சள்தானுங்க இருந்துச்சு."

"மஞ்சள் விழறப்போ எங்கே இருந்தீங்க?"

"அந்த பேக்கரிகிட்டங்க."

பேக்கரியிலிருந்து நிறுத்தக் கோட்டுக்கு அறுபத்திரண்டு மீட்டர். காலையில்தான் அளந்திருந்தாள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் முப்பது மீட்டருக்குள் பத்திரமாக நின்றுவிடும். நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர்கள் மட்டும் கடந்து போகத்தான் மஞ்சள் விளக்கு. மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். உரிமத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் அவள் தினமும் கேட்கிற கேள்வி அது.

"நிறுத்தியிருக்கலாமேம்மா. அவ்வளவு தூரம் இருந்துச்சே."

"நிறுத்தியிருக்கலாமுங்க." ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா மஞ்சள் இருந்துச்சே மேடம். எப்படீங்க அதுக்குள்ள போகும்?"

அவள் சாக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு அது புரியவில்லை. கண்ணெதிரே படிக்கட்டில் ஒரு படி காணாமல் போனதைப் பார்த்தவளைப் போல் பேசினாள்.

"உங்க ஊர்ல மஞ்சள் எவ்வளவு நேரம் இருக்கும்?"

ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். "நாம தாண்டற வரைக்கும் இருக்குமுங்க."

அன்று மாலை பூங்கோதை தன் பழைய அறிக்கைகளின் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினாள். ஐந்து மாதத்தில் அவள் எல்லைக்குள் சிக்னலில் நடந்த விபத்துகள், ரெஜினாவுடையதையும் சேர்த்து, பதினொன்று. அதில் ஒன்பது வண்டிகள் நொய்யல்புரத்தைச் சேர்ந்தவை. ஒன்பதிலும் பிரேக் நன்றாக இருந்தது. ஒன்பதிலும் சாலையில் டயர் தடமே இல்லை. யாருமே மிதிக்கவில்லை. ஓட்டியவர்களில் ஒரு பல் மருத்துவர், ஒரு பால் வண்டிக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். குடித்தவர் ஒருவரும் இல்லை. பழைய வழக்குள்ளவரும் இல்லை.

அவர்களில் மூன்று பேரிடம் தொலைபேசியில் பேசி, ரெஜினாவிடம் கேட்ட கடைசிக் கேள்வியையே கேட்டாள். பல் மருத்துவர், "அதை யார் எண்ணிட்டு இருக்காங்க? போதுமான நேரம் இருக்கும்" என்றார். பால் வண்டிக்காரர், "எங்கூரு மஞ்சள் நல்ல மஞ்சளுங்க" என்றார். தாசில்தார் மட்டும், "அவசரமாப் போறப்போ கொஞ்சம் கூடுதலா இருக்கற மாதிரி ஒரு நினைப்பு. நினைப்புதான்" என்றார்.

சனிக்கிழமை காலை அவள் நொய்யல்புரம் போனாள்.

பெரியகடை வீதி முனையில் ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்றுகொண்டு கைபேசியால் நேரம் எடுத்தாள். முதலில் ஒரு டவுன் பஸ் வந்தது. மஞ்சள் விழுந்தது, பஸ் நின்றது. மூன்று நொடி. அடுத்த முறை பைக்கில் வந்த ஒரு பையன் நிற்கிற எண்ணமே இல்லாமல் வந்தான். நான்கரை நொடி. அதற்கடுத்து ஒரு கார் தூரத்திலிருந்தே வேகமெடுத்தது. ஐந்து நொடிக்கு மேல். கார் தாண்டிய பிறகுதான் சிவப்பு விழுந்தது. குறுக்குச் சாலைக்காரர்களுக்கு அதற்கும் பிறகுதான் பச்சை.

விளக்குக் கம்பத்தில் மீதி நொடிகளைக் காட்டி எண் ஓடுகிற பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"அதெல்லாம் கழட்டி ரெண்டு வருசம் ஆச்சுங்க" என்றார் ஜூஸ் கடைக்காரர். "நம்பரைப் பார்த்தா ஜனம் பதறுதுன்னு சொன்னாங்க. நல்லதாத்தான் போச்சு. முன்னெல்லாம் மாசம் ஒருத்தர் இந்த முனையில அடிபடுவாங்க. இப்ப ஒண்ணுமே இல்லை."

பூங்கோதை தன் காரை எடுத்தாள். அதே முனையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதல் மூன்று முறையும் மஞ்சளைப் பார்த்ததும் வழக்கம்போல் நின்றாள். நான்காம் முறை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். அறுபது மீட்டருக்கு முன்னால் மஞ்சள் விழ, ஆக்சிலேட்டரை அழுத்தினாள். பிரேக்குக்குத் தாவப் பார்த்த காலைப் பயந்துகொண்டே அடக்கி வைத்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது. நாம் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பதைப் போல இருந்தது.

ஐந்தாம் முறை பயம் பாதிதான் இருந்தது. எட்டாம் முறை இல்லவே இல்லை. பத்தாம் முறை மஞ்சள் விழுந்தபோது, தன் வலது கால் பிரேக் பக்கம் நகரக்கூட இல்லை என்பதைக் கவனித்தாள். ஓரமாக நிறுத்திவிட்டு மணி பார்த்தாள். சுற்ற ஆரம்பித்து முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

மாநகரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் தலைமைப் பொறியாளர் இர்ஃபான், அவள் நேரம் குறித்த தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தான். நாற்பது வயதிருக்கும். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அவனோ தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மூணு வருசத்துல நீங்கதான் முதல்ல கேட்கறீங்க" என்றான்.

"என்ன செய்யுது உங்க சிக்னல்?"

"உட்காருங்க மேடம். நாங்க அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தோம். முனையில யாரும் சாகக் கூடாது. எப்படின்னு நாங்க சொல்லலை. அது கேமரா வழியா ஜனங்களைப் பார்த்துட்டே இருந்துச்சு. எந்த வண்டி என்ன வேகத்துல வருது, இவன் நிப்பானா மாட்டானான்னு நூறு மீட்டருக்கு முன்னாடியே அதுக்குத் தெரியும். நிக்கறவங்களுக்கு மூணு நொடி போதும். நிக்காதவனை நிக்க வைக்க அதுக்குக் கை கால் இல்லை. அதனால அவன் போய்ச் சேர்ற வரைக்கும் மஞ்சளை நீட்டி, மத்தவங்களைப் பிடிச்சு வெச்சுக்குது."

"அப்ப ஒழுங்கா நிக்கறவங்கதான் காத்திருக்கணும்."

"ரெண்டு நொடி. மிஞ்சிப் போனா மூணு. வருசத்துக்கு முப்பத்தொரு பேர் செத்துட்டு இருந்த ஊரு மேடம் இது. இப்ப ரெண்டு வருசமா ஒருத்தர்கூட இல்லை. இதைத் தப்புன்னு சொல்லுங்க பார்ப்போம்."

முப்பத்தொன்று என்பது பூங்கோதைக்கு வெறும் எண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நசுங்கிய ஒரு வண்டியை அவளால் கற்பனை செய்ய முடியும்.

"ஜனங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா எல்லாரும் நிக்காம ஓட்டுவாங்க."

"சொல்லாமயே அப்படித்தான ஓட்டறாங்க? பத்து ரவுண்டுல நானே கத்துக்கிட்டேன்."

அவள் ஒன்பது அறிக்கைகளையும் அவன் முன் வைத்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினான். ரெஜினாவின் கார் படத்தில் அவன் கை நின்றது.

"இது எங்க எல்லைக்கு வெளியே" என்றான் மெதுவாக. "அதோட கண்ணுக்குக் கடைசி சிக்னல் வரைக்கும்தான் உலகம்."

"உங்க கண்ணுக்கு?"

"நானும் அதைத் தாண்டிப் பார்க்கலைன்னு வெச்சுக்குங்க."

"சரி. நாளைக்கே எல்லாருக்கும் மூணு நொடின்னு மாத்திடுங்க."

அவன் திரையைத் தட்டி ஏதோ கணிப்பை ஓடவிட்டு அவள் பக்கம் திருப்பினான். ஒரே ஒரு எண் இருந்தது: இருபத்தாறு.

"முதல் வாரத்துல இத்தனை பேர் போயிடுவாங்கன்னு அது சொல்லுது. ஒன்பது லட்சம் பேருக்கு நிக்கறது மறந்து போச்சு மேடம். எந்த அதிகாரி இதுல கையெழுத்துப் போடுவாரு?"

திங்கட்கிழமை, இறந்துபோன கனகசபையின் மனைவி சாரதாமணி, கணவரின் ஹெல்மெட்டையும் பையையும் வாங்கிப் போக நொய்யல்புரத்திலிருந்து காரைவலசு காவல் நிலையத்துக்கு வந்திருந்தார். ஸ்கூட்டரைச் சோதித்துக்கொண்டிருந்த பூங்கோதையைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"ஏனம்மிணி, அவரு வண்டியில எதாச்சும் கோளாறா?"

"இல்லீங்க. நல்லா இருக்குது."

"அவரு வேகமா போறவரே இல்லை. பச்சை விழாம அடி எடுத்து வைக்க மாட்டாரு. அன்னிக்கும் பச்சை விழுந்துதான் கிளம்பினாருன்னு போலீஸ்காரங்களே சொல்றாங்க. அப்புறம் எப்படி?"

பூங்கோதைக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி தோன்றியது. கேட்கத் தயங்கினாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"பச்சை விழுந்ததும் அவரு ரெண்டு பக்கமும் பார்ப்பாருங்களா?"

"முன்னாடியெல்லாம் பார்ப்பாரு. பின்னால உட்கார்ந்திருக்கற என்னையும் அந்தப் பக்கம் பாரு சாரதாம்பாரு. இப்ப ரெண்டு வருசமா அதெல்லாம் இல்லை. பச்சை விழுந்தா எடுத்துருவாரு. நான் ஒருதரம் சத்தம் போட்டதுக்கு, நம்மூரு பச்சை பொய் சொல்லாது சாரதான்னாரு."

பூங்கோதை எழுந்து நின்றாள். மஞ்சளுக்குப் பயப்படாமல் இருக்க ஒருத்தியும், பச்சையைச் சந்தேகிக்காமல் இருக்க ஒருவரும் ஒரே ஊரில் பழகியிருக்கிறார்கள். இருவரும் வெளியூர் முனையொன்றில் அரை நொடி இடைவெளியில் சந்தித்துவிட்டார்கள்.

தனக்குத் தெரிந்ததையெல்லாம் சாரதாமணியிடம் சொன்னாள்.

"பக்கத்துல பார்க்க மாட்டாருன்னு நான் சொன்னா, அவரு மேலயும் தப்புன்னு ஆயிருமா?"

"ஆகலாமுங்க."

"சொல்லாட்டி?"

"முழுத் தப்பும் அந்தப் பொண்ணு மேல போயிரும். அந்தச் சிக்னலைப் பத்தியும் யாரும் கேட்க மாட்டாங்க."

சாரதாமணி ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றியும் பிரித்தும் கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக்க அம்மிணி" என்றார். "அவரு கணக்கு வாத்தியாரு. பாதி எழுதின விடைக்கு மார்க் போட்டதே இல்லை."

அறிக்கைப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு: விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா? நல்ல பிரேக் உள்ள வண்டிக்கெல்லாம் பூங்கோதை இத்தனை காலம் 'இல்லை' என்றுதான் எழுதி வந்தாள். அன்று 'ஆம்' என்று எழுதினாள். அதன் கீழே, 'கோளாறான இயந்திரம் இந்த வாகனத்தில் இல்லை. நொய்யல்புரத்தில் இருக்கிறது' என்று எழுதி, ஒன்பது அறிக்கைகளையும், தான் எடுத்த நேரக் குறிப்பையும், சாரதாமணியின் வாக்குமூலத்தையும் சேர்த்துத் தைத்து முத்திரை வைத்தாள்.

அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது. படிவத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதும்படி குறிப்பு இருந்தது. இரண்டு முறையும் ஒரு எழுத்தையும் மாற்றாமல் திருப்பி அனுப்பினாள்.

நீதிமன்றம் இர்ஃபானை அழைத்தது. தொழில்நுட்ப ரகசியம் என்று சொல்லி அவன் ஒதுங்கியிருக்கலாம். அப்படித்தான் சொல்லச் சொல்லி மேலதிகாரிகளும் அனுப்பியிருந்தார்கள். அவன் இரண்டு தாள்களோடு வந்தான். ஒன்றில், மூன்று வருடத்தில் ரெஜினாவின் கார் மஞ்சளைச் சந்தித்த நாலாயிரத்துச் சொச்சம் தடவைகள் இருந்தன. முதல் வருடம் பத்துக்கு ஒன்பது முறை நின்றிருந்தாள். மூன்றாம் வருடம் ஒருமுறைகூட இல்லை. மற்றதில், பச்சை விழுந்த பிறகு கனகசபை கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம். இரண்டு நொடியில் தொடங்கி, சரிந்து சரிந்து, கால் நொடிக்கு வந்திருந்தது. நீதிபதி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ரெண்டு பேருக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கலையே" என்றார்.

"சொல்லலைங்க ஐயா" என்றான் இர்ஃபான். "நாங்க பழக்கிட்டோம்."

ரெஜினாவைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்ற வாசலில் அவள் சாரதாமணியின் முன் போய் நின்றாள். சாரதாமணி அவள் தோளைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

மாநகராட்சிக்கு உத்தரவு தனியாகப் போயிற்று. முப்பது நாள் ஊரெல்லாம் அறிவித்துவிட்டு, எல்லா முனைகளிலும் எல்லோருக்கும் ஒரே மஞ்சள், மூன்று நொடி.

அது அமலுக்கு வரும் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் இர்ஃபான் தொலைபேசியில் பேசினான். அவனுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. இந்த ஒரு வாரம் மட்டும் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னமும் அது இருபத்தாறுன்னுதான் சொல்லுது மேடம்."

"அறிவிச்சதைச் சேர்த்துமா?"

"சேர்த்துத்தான். நோட்டீஸைப் படிச்சுட்டு யாரும் மாறினதா அதுகிட்ட ஒரு பதிவும் இல்லைங்குது."

பூங்கோதை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே நொய்யல்புரத்தில் இருந்தாள். வீட்டில் இருந்து செய்தியில் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது. பெரியகடை வீதியில் வரிசையின் முதல் வண்டியாகத் தன் காரைச் சிவப்பில் நிறுத்தினாள். ஓரத்தில் போக்குவரத்துக் காவலர்களும் தன்னார்வலர்களும் நின்றிருந்தார்கள். அவர்களிடையே ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, 'மஞ்சள் இனி உங்களுக்காகக் காத்திருக்காது' என்று அச்சடித்த நோட்டீஸ்களோடு ரெஜினா நின்றிருந்தாள். பூங்கோதையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பச்சை விழுந்தது.

பூங்கோதை உடனே எடுக்கவில்லை. இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். குறுக்குச் சாலையில் எல்லோரும் நின்றுதான் இருந்தார்கள். ஆனாலும் நின்றிருப்பது நிஜம்தானா என்று இன்னொரு முறை பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் இருந்த ஸ்கூட்டர்காரப் பெண்ணும் காலை ஊன்றியபடி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்புறமிருந்து ஒரு வண்டியும் நகரவில்லை.

கைபேசி ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், எங்கே இருக்கீங்க?" இர்ஃபானின் குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "எல்லா முனையிலும் பச்சையில நிக்கறாங்க. காலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருத்தர்தான் வந்திருக்காரு, அதுவும் நின்ன வண்டியில இருந்து இறங்கறப்போ மணிக்கட்டு பிசகி. இப்படி ஒண்ணை அந்தக் கம்ப்யூட்டர் பார்த்ததே இல்லை. அடுத்த நிமிசம் என்ன ஆகும்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லுது. மூணு வருசத்துல முதல் தடவையா."

எதிரே ஒரு ஆட்டோக்காரர் வலது பக்கம் திரும்புவதற்காக நின்றிருந்தார். பூங்கோதையைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். அவள், நீங்கள் போங்கள் என்று காட்டினாள். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் கையைக் காட்டினார். இருவரும் தயங்கிக்கொண்டிருக்கையில் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. பின்னால் நூறு வண்டிகளாவது நின்றிருக்கும். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.